மூன்று முறை கேட்கும் ஊர்க்காரன்

அந்தப் பலகையில் ஒரு தங்கமீனுக்குக்கூட இடம் கிடைத்திருந்தது. செனட்டர் என்று அதற்குப் பெயர். டேல் சின்னப் பையனாக இருந்தபோது ஊர்த் திருவிழாவில் வளையம் எறிந்து வென்ற மீன். ஏரிக்கு வந்த அந்த வார இறுதியைத் தாண்டி அது உயிரோடு இருக்கவில்லை. ஆனாலும் ரெய்னோ காங்காஸ் அதன் பெயரை உளியால் மரத்தில் குடைந்து, மஞ்சள் பூசி, பக்கத்தில் சின்னதாக ஒரு வாலும் வரைந்து வைத்திருந்தார்.

ஆர்லனின் பெயர் அதில் இல்லை.

வண்டியில் இழுத்துவரும் வீடுகளை நிறுத்திக் கோடையில் தங்குகிற கெட்டில் ஏரிக்கரை டிரெய்லர் பார்க்குக்கு வருடா வருடம் வருகிற குடும்பங்கள் தங்கள் இடத்தின் முன்னால் இப்படி ஒரு பெயர்ப்பலகையைத் தொங்கவிடும். கடையில் வாங்கித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. ரெய்னோ அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. காங்காஸ் பலகை ஒரு கதவின் அகலம் இருக்கும். மேலே ரெய்னோ, அவர் மனைவி லெம்பி. அடுத்த வரியில் பிள்ளைகள், டேலும் ஐலாவும். அதற்குக் கீழே நாய்கள், பூனைகள், ஒரு முயல், இறக்கை ஒடிந்து ஒரு கோடை முழுக்க இவர்களோடு தங்கிய காகம், செனட்டர். டேலை விட்டுப் போய்விட்ட அவன் மனைவியின் பெயர்கூட அப்படியே இருந்தது. குடைந்த எழுத்தை மரம் திருப்பி வாங்கிக்கொள்ளாது என்பார் ரெய்னோ. ஆர்லனின் நாய் கன்னருக்கு வந்த முதல் கோடையிலேயே இடம் கிடைத்துவிட்டது, பாதச்சுவட்டோடு.

ஐலாவின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் வெறும் மரம். ஒரு பெயர் வசதியாக உட்காரும் அளவுக்கு.

ஐலாவைக் கட்டிக்கொண்டு ஆர்லனுக்கு இது ஐந்தாவது கோடை. அந்த வெற்றிடத்தை அவன் எத்தனையோ விதமாகப் படித்துப் பார்த்திருக்கிறான். தனக்கு முன்பு ஐலாவுக்கு யாரோ இருந்திருக்க வேண்டும், அவனுக்காக ஒதுக்கிய இடம் அது என்று ஒரு வருடம் நினைத்தான். இன்னும் சோதித்துப் பார்க்கிறார் என்று ஒரு வருடம். மரத்தில் அந்த இடத்தில் ஏதாவது கணு இருக்கும், உளி ஏறாது என்று போன வருடம் சமாதானம் செய்துகொண்டு, யாரும் இல்லாதபோது விரலால் தடவியும் பார்த்தான். கணு இல்லை. மழமழவென்றிருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. எழுத்துகளில் பூசிய மஞ்சள் அவன் கலந்த மஞ்சள். டுலூத்தில் ஒரு பெயிண்டுக் கடையில் அவனுக்கு வேலை. வாடிக்கையாளர் கொண்டுவரும் காய்ந்த இலையையோ கிழிந்த திரைச்சீலையையோ பார்த்து அதே நிறத்தைக் கலந்து கொடுப்பான். பேச்சு அதிகம் வேண்டாத வேலை. ஒவ்வொரு கோடைக்கும் மாமனாருக்கு ஒரு சின்ன டப்பா மஞ்சள் கலந்து எடுத்துவருவான். இந்த வருடம் ரெய்னோ தொலைபேசியில் கூப்பிட்டு, வெயிலும் பனியும் தாங்குகிற வார்னிஷும் ஒரு டப்பா கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது பிற்பகல் வெயில் ஏரி மேல் பரவியிருந்தது. டிரெய்லரைப் பின்பக்கமாகத் தள்ளி இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். பார்க்கில் இதைவிடப் பெரிய கேளிக்கை கிடையாது. ஒரு பிக்கப் வண்டி வேகம் குறைத்துப் பின்விளக்குப் போட்டாலே போதும், அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். வண்டி நிற்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். அதற்கப்புறம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். புருஷன் பெண்டாட்டிக்குள் இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள்.

ஐலா பின்னால் நின்று கையசைத்தாள். ஆர்லன் கண்ணாடியில் அவளுடைய கையை மட்டும் பார்த்தான். ஒரே மூச்சில், ஒருமுறைகூட முன்னால் எடுக்காமல், டிரெய்லர் போய் நின்றது. ரெய்னோ நாற்காலியில் இருந்தபடி ஒருமுறை தலையை ஆட்டினார். பக்கத்து இடத்துக் கிழவர் ஏமாற்றத்தோடு நாற்காலியைத் திரும்ப ஏரிப் பக்கம் போட்டுக்கொண்டார்.

கதவைத் திறந்ததும் கன்னர் உருண்டு இறங்கியது. தரையைத் தொடும் காதும் குட்டைக் காலுமாக இருக்கிற அந்த நாய் வீட்டில் படி ஏறவே யோசிக்கும். ஏரியைக் கண்டால் மட்டும் அதற்கு வேறு உயிர் வந்துவிடும். டேலின் நாய்கள் நட்டும் போல்ட்டும் அதைப் பார்த்ததும் ஊளையிட்டு ஓடிவர, மூன்றும் ஒன்றையொன்று முகர்ந்து, சுற்றி, படகுத்துறையின் பலகைகள் அதிரச் சேர்ந்தோடி, கடைசிப் பலகையில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தன. அந்த மூன்று சத்தத்தைக் கேட்டபோது ஆர்லனுக்குத் தோள் இரண்டும் தளர்ந்தன. வருடம் முழுக்க இந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தோமோ என்று தோன்றியது.

லெம்பி தட்டோடு வந்தாள். கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டி, ஆவி பறக்க.

"ஒண்ணு சாப்பிடறியா?"

"அய்யய்யோ, வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரி," என்றாள் லெம்பி. தட்டு நகர்ந்து டேலிடம் போயிற்று. அவன் இரண்டு எடுத்துக்கொண்டான்.

ஆர்லன் தட்டு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். வழியில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனால் அவன் வளர்ந்த மினசோட்டா மாநிலத்து வீடுகளில் முதல் தடவை கேட்டதுமே கை நீட்டுகிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள். முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால் வயிற்றைத் தடவிக்கொண்டு இப்போதுதான் சாப்பிட்டேன் என்று இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை, சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால் ஒரு சின்னத் துண்டு. இது அவனுக்குச் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, மூச்சைப் போல வந்தது. இந்தக் குடும்பத்தில் யாரும் இரண்டாவது தடவை கேட்பதே இல்லை. அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று அவன் முடிவு செய்திருந்தான். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவன் அவர்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு கோடையும் அவன் ஏரியில் இருந்து இளைத்துத்தான் ஊர் திரும்புவான். ஏரிக் காற்று உடம்பைக் குறைக்கிறது என்பாள் ஐலா.

மறுநாள் துணி துவைக்கும் கொட்டகைக்குப் போன லெம்பி, துவைத்த துணியோடு ஒரு பூனைக்குட்டியையும் கொண்டுவந்தாள். உலர்த்தும் யந்திரத்தின் மேல் கணகணப்பில் சுருண்டு கிடந்ததாம். சாம்பல் நிறம், ஒரு பொத்தான் அளவு வெள்ளை நெஞ்சில். பார்க்கில் யாருக்கும் சொந்தமில்லை என்று காரியாலயத்தில் விசாரித்துவிட்டாள். நாய்கள் மூன்றும் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்தன. அது கன்னரின் காதைத் தேர்ந்தெடுத்து அதன் மேல் ஏறித் தூங்கிப்போனது. கன்னர் மதியம்வரை தலையை அசைக்கவில்லை.

"பட்டன்," என்றார் ரெய்னோ. அன்று காலையில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். எழுந்து போய்ப் பலகையைக் கழற்றி வந்து மேஜை மேல் வைத்தார். பிறகு ஆர்லனைப் பார்த்தார். "இந்த ஓரத்தைப் பிடி. ஆடக்கூடாது."

ஆர்லன் பிடித்துக்கொண்டான். உளி நகர்ந்தது. மரச்சுருள்கள் அவன் மணிக்கட்டில் வந்து விழுந்தன. நேற்று வரைக்கும் யாரென்றே தெரியாத ஒரு பூனைக்குட்டிக்கு எழுத்து எழுத்தாக ஓர் இடம் உருவாவதை அவன் பிடித்துக்கொண்டிருந்தான். பொறாமை என்று சொல்ல முடியாது. நாற்பத்தைந்து வயது மனிதன் பூனைக்குட்டி மேல் பொறாமைப்படுவானா? ஆனால் அவனுடைய இடது கட்டைவிரல் ஐலாவின் பெயருக்குப் பக்கத்தில், அந்த வெறும் மரத்தின் மேலேயே பதிந்திருந்தது. எடுக்க மனம் வரவில்லை.

"இதோட சரி," என்றார் ரெய்னோ, தூளை ஊதிக்கொண்டே. "நாளைக்கு வார்னிஷ் அடிச்சு மூடிடலாம். மரம் தண்ணி குடிக்க ஆரம்பிச்சுடுச்சு. வார்னிஷ் ஏறிட்டா அப்புறம் உளி வைக்க முடியாது. இனிமே வர்றவங்க வேற பலகை செஞ்சுக்கட்டும்."

ஆர்லன் தன் வண்டி நின்ற பக்கம் பார்த்தான். அந்த வார்னிஷ் டப்பா அவன் வண்டியில்தான் இருந்தது. கடையில் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து, அவனே தேர்ந்தெடுத்தது. முப்பது வருடம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருந்தது.

டேல் படகு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் ஆர்லனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்ன மினசோட்டா," என்றான், "இன்னிக்கு வந்த பூனைக்கு எடம் கெடச்சாச்சு. நீ எப்போ மியாவ்னு கத்தப்போறே?"

லெம்பி சிரித்தாள். ஆர்லனும் சிரித்து வைத்தான். ரெய்னோ மட்டும் நிமிரவில்லை.

"அவன்தான் வேண்டாம்னுட்டானே," என்றார்.

ஏரியில் எங்கோ ஒரு லூன் பறவை தண்ணீருக்குள் போய், வெகு தூரம் தள்ளி எழுந்தது.

"நானா?" என்றான் ஆர்லன்.

"நீதான். மொத வருஷம், இதே மேஜையில. உன் பேரைப் போடவான்னு கேட்டேன். சிரமப்படாதீங்கன்னே. சரின்னு விட்டுட்டேன்."

"ஆனா கன்னர் பேரை..."

"நாய் வேண்டாம்னு சொல்லலையே," என்றார் ரெய்னோ.

ஐலா படகுத்துறையின் ஓரத்தில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்லன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர்கள் இருவரும் வெகுநேரம் பேசாமல் இருக்கக்கூடியவர்கள்; அப்படித்தான் ஒருவருக்கொருவர் பிடித்துப்போனதே. ஆனால் இன்று அந்த அமைதிக்குள் அவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டிருந்தது. அந்த முதல் கோடை. உளியைத் துடைத்துக்கொண்டே ரெய்னோ கேட்டது. தான் சொன்ன பதில். அதற்கப்புறம் இரண்டாவது கேள்விக்காகத் தான் காத்திருந்தது. அன்று மாலை வரைக்கும், மறுநாள் வரைக்கும், ஐந்து கோடை வரைக்கும்.

அப்புறம் அவன் அம்மா. ஐலாவை முதன்முதலில் வீட்டுக்குக் கூட்டிப்போனபோது அம்மா ஆப்பிள் கேக்கை நீட்டினாள். ஐலா, "குடுங்க," என்று முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டாள். அம்மா அவனைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், பாவம், பட்டினி போட்டு வளர்த்திருப்பாங்க போலிருக்கு என்று குசுகுசுத்தாள். அன்றைக்கு அவன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டான். பசித்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

நடந்ததை ஐலாவிடம் சொன்னான். மூன்று தடவை கேட்கும் வழக்கத்தைச் சொன்னான். இத்தனை வருடத்தில் அதைச் சொல்லத் தோன்றியதே இல்லை. அவனும் ஐலாவும் மட்டும் வாழும் வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை, பசித்தவர்கள் எடுத்துச் சாப்பிடுவார்கள். மறுக்கிற விளையாட்டெல்லாம் பிறர் வீட்டில்தான்.

ஐலா முதலில் நம்பவில்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், அப்படியே துறையில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

"அப்போ அந்தப் பாஸ்டி?"

"எனக்கு உசுரு."

"அம்மா சுடற புளூபெரி பை?"

"அதுவும்தான்."

"அஞ்சு வருஷமா பசியோடவா உக்காந்திருந்தே?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கிய பிறகு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "எதுவுமே வேணாங்கிற மனுஷன்னு உன்னை நெனச்சுட்டேன். எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் நெனக்கிறாங்க. அப்பா அதை ரொம்ப மரியாதையா சொல்வாரு தெரியுமா. ஆர்லனுக்கு ஒண்ணும் தேவையில்லைன்னு."

"நீ அவர்கிட்ட சொல்லேன்."

"நான் சொன்னா நான் கேட்ட மாதிரி ஆயிடும். அது செல்லாது." சற்று யோசித்தாள். "அவரு ரெண்டாவது தடவை கேக்கவும் மாட்டாரு. ஒருத்தன் சொன்னதைத் திருப்பிக் கேட்டா அவனைப் பொய்யன்னு சொல்ற மாதிரின்னு நெனப்பாரு. உன்னை மதிக்கிறதாலதான் இத்தனை வருஷம் கேக்காம இருக்காரு."

ஆர்லன் தண்ணீரைப் பார்த்தான். மதிப்பு. ஐந்து வருடமாகத் தன்னை வாட்டிக்கொண்டிருந்தது அதுதானா? ஓர் ஊரில் அன்பென்றால் மறுபடி மறுபடி கேட்பது. இன்னோர் ஊரில் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வது. நடுவில் ஒரு மனிதன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான்.

அப்படியென்றால் அவனே கேட்க வேண்டும். அதை நினைத்தபோதே காது சூடாயிற்று. அவன் பிறந்த வீட்டில் ஒரு பொருளை வாய்விட்டுக் கேட்டவர்கள் கிடையாது. உப்பு வேண்டுமென்றால்கூட, இந்தச் சூப்பு கொஞ்சம் சாதுவாக இருக்கிறதே என்பார் அவன் அப்பா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அன்று மாலை ஆவிக்குளியலுக்குச் சவுனா மூட்டினார்கள். ரெய்னோ பழைய குதிரை வண்டி ஒன்றின் மேல் பலகை அடித்துக் கட்டிய சவுனா அது. புகைக்குழாயும் சின்ன ஜன்னலும் வைத்து, ஒவ்வொரு கோடையும் பிக்கப்பில் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். கரையோரமாக நிறுத்தி அடுப்பு மூட்டினால் ஏரிக்கும் அதற்கும் நடுவே படகுத்துறை மட்டும்தான். பெண்கள் குளித்து முடித்ததும் ஆண்கள் உள்ளே போனார்கள். டேல் வெகு சீக்கிரம் வெளியேறினான். அவனுக்குப் பேசாமல் உட்கார வராது.

ரெய்னோவும் ஆர்லனும் மேல் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பில் ஆளுக்கொரு துண்டு. ஜன்னல் வழியே வடக்கத்திக் கோடையின் அந்தி, அணைய மனமில்லாமல் ஏரி மேல் நின்றுகொண்டிருந்தது. அடுப்பில் பிர்ச் விறகு வெடித்தது. ரெய்னோ ஒரு கரண்டித் தண்ணீரை அடுப்பின் மேல் காய்ந்துகொண்டிருந்த கற்களில் விட்டார். ஆவி சீறி எழுந்து முதுகில் கவிந்தது.

"இன்னும்?" என்றார்.

"போ—" என்று தொடங்கிய ஆர்லன் நிறுத்திக்கொண்டான். "ஊத்துங்க," என்றான்.

ரெய்னோ அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஊற்றினார்.

வியர்வை மூக்கு நுனியில் திரண்டு சொட்டியது. அடுத்தது, இப்போது, இந்தச் சொட்டு விழுந்ததும், என்று சொட்டுகளை விட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் வார்த்தை தானாக வந்துவிட்டது.

"ரெய்னோ, இன்னொரு தடவை கேளுங்க."

"எதை?"

"பலகையை."

ரெய்னோ கரண்டியை வாளிக்குள் வைத்தார். அடுப்பைப் பார்த்தார். ஒரு விறகை எடுத்து உள்ளே தள்ளினார்.

"கேட்டாச்சே," என்றார் கடைசியில்.

"எங்க பக்கம் மூணு தடவை கேப்பாங்க. ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லணும். அதுதான் மரியாதை."

"மூணு தடவையா?"

"ஆமா."

"காபிக்கும்?"

"காபிக்கும்தான்."

ரெய்னோ அதை வெகுநேரம் யோசித்தார். "ஆறிப் போயிடாதா?" என்று கேட்டார். நிஜமான கவலையோடுதான் கேட்டார்.

"சூடு பண்ணிக்குவோம்."

அவர் தலையை ஆட்டினார். உலகத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைச் செரித்துக்கொள்வது போல இருந்தது. பிறகு அவனை நேராகப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். தன் வாழ்நாளில் செய்திராத ஒரு காரியத்தைச் செய்யப்போகிறவரைப் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உன் பேரைப் போடவா?"

ஆர்லன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாயைத் திறந்தான்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றது வாய்.

அது அவன் சொன்னதல்ல. நாற்பத்தைந்து வருடத்துச் சாப்பாட்டு மேஜைகள் சேர்ந்து சொன்னது. ரெய்னோவின் முகம் மாறவில்லை.

"சரி," என்றார். எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு, துறைப் பலகைகளில் ஈரக்கால் பதிய ஏரியை நோக்கி நடந்தார்.

ஆர்லன் மேல் பலகையில் இருந்து இறங்கினான். பிறகு ஓடினான். வெளியே குளிர்ந்த காற்று உடம்பெங்கும் அறைந்தது. கரை நெடுக எல்லா இடங்களிலும் விறகு எரிந்துகொண்டிருந்தது. மடக்கு நாற்காலிகளில் பார்க்கே உட்கார்ந்திருந்தது. துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு துறையில் பாய்ந்தான். அவன் ஓடுவதைப் பார்த்து நட்டும் போல்ட்டும் ஓடின. அவற்றைப் பார்த்துக் கன்னர் எழுந்தது. ரெய்னோ கடைசிப் பலகையில் இருந்து குதிப்பதற்காகக் கையை உயர்த்தியிருந்தார்.

"போடுங்க!" என்று கத்தினான் ஆர்லன். "என் பேரைப் போடுங்க! எனக்கு வேணும்!"

எதிர்க்கரை மரங்களில் மோதி அது திரும்பி வந்தது. வேணும்.

பார்க்கில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. ரெய்னோ திரும்புவதற்குள், நிற்க முடியாத வேகத்தில் வந்த ஆர்லன் அவர் மேல் மோத, இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீரில் விழுந்தார்கள். மேலே நட், போல்ட், கடைசியாகக் கன்னர். குளிர் மண்டைக்குள் வெள்ளை வெளிச்சமாக வெடித்தது. மேலே வந்து மூச்சு வாங்கியபோது ஆர்லன் சிரித்துக்கொண்டிருப்பது அவனுக்கே தெரிந்தது. துண்டு எங்கோ மிதந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் ரெய்னோவின் தலை, நரைமுடி ஒட்டிப்போய், நீர்நாயைப் போல எழுந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார்.

கரையில் பக்கத்து இடத்துக் கிழவர் தன் மனைவியிடம் கேட்பது தண்ணீர் மேல் தெளிவாக வந்தது. "அந்த ஆளுக்குப் பேச வருமா?"

காலையில் உளி வேலை நடந்தது. ஓரத்தைப் பிடித்துக்கொள்ள ஆர்லன் போனான். தன் பெயரைக் குடைகிறபோது தானே பிடித்துக்கொண்டிருக்கிறவன் உருப்படமாட்டான் என்று ரெய்னோ அவனைத் தள்ளி உட்காரச் சொன்னார். டேல் பிடித்துக்கொண்டான்.

"மினசோட்டான்னு போடுங்கப்பா," என்றான் டேல். "எழுத்து ஜாஸ்தி, காசுக்குத் தக்க வேலை."

"வாயை மூடிட்டுப் பலகையைப் பிடி. ஆர்லன், கடைசி எழுத்துக்கு முந்தினது என்ன? உன் கல்யாணப் பத்திரிகையில ஒரு மாதிரி இருந்துச்சு, லெம்பி வேற மாதிரி எழுதுறா."

ஆர்லன் சொன்னான். ஐலா தன் பெயருக்குப் பக்கத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வருவதைத் தாடையைக் கையில் தாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டன் மேஜைக்குக் கீழே மரச்சுருள்களோடு சண்டை போட்டது. மஞ்சள் சாயத்தை மெல்லிய தூரிகையால் பூசும் வேலை மட்டும் ஆர்லனுக்குக் கிடைத்தது. ஓர் எழுத்தின் கால் சற்றே வெளியே வழிந்தது. துடைக்கப் போனவனை ரெய்னோ தடுத்தார். இருக்கட்டும் என்றார். செனட்டரின் வாலும் கோணல்தான் என்றார்.

லெம்பி தட்டோடு வந்தாள். மிச்சமிருந்த பாஸ்டி, அடுப்பில் திரும்பச் சுட்டது.

"ஒண்ணு சாப்பிடறி—"

"குடுங்க," என்றான் ஆர்லன். அவள் கேட்டு முடிப்பதற்குள் அவன் கையில் பாஸ்டி இருந்தது. அதைத் தின்று முடித்து இன்னொன்று எடுத்தான். அதுவும் முடிந்து தட்டைப் பார்த்தான். லெம்பி பயந்துபோய் ஐலாவின் காதில், இவனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டாள்.

ரெய்னோ உளியைத் துடைத்து உறையில் போட்டார். காபிக் குடுவையை எடுத்து ஆட்டிப் பார்த்தார். இத்தனை கோடையும் ஒவ்வொரு காலையும் நடப்பதுதான். அவர் ஆர்லன் பக்கம் குடுவையைத் தூக்கிக் காட்டினார்.

"காபி?"

"குடுங்க," என்றான் ஆர்லன்.

ரெய்னோவின் கை அந்தரத்தில் நின்றது. குடுவையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். முதல்முறையாக அந்த முகத்தில் ஒரு திகைப்பு.

"வேண்டாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன்," என்றார். "எப்பவும் கடைசிக் கப்பு இருக்கறப்பதான் உன்னைக் கேப்பேன்."

ஆர்லன் சிரித்தான். ரெய்னோவின் தோள்களும் குலுங்கத் தொடங்கின. சத்தமே வராத சிரிப்பு. பிறகு அவர் இரண்டு கோப்பைகளை எடுத்துப் பலகையின் பக்கத்தில் வைத்தார். குடுவையில் இருந்ததை இரண்டிலும் பாதிப் பாதியாக, கண்ணளவில் சமமாகும்வரை மாற்றி மாற்றி ஊற்றினார். இருவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். மஞ்சள் சாயம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வார்னிஷ் டப்பா இன்னும் வண்டியில்தான் இருந்தது. அதை எடுத்து வர யாருக்கும் அவசரமில்லை.